இரவல் முகங்கள்: கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸின் கருத்துநிலைக் கலை பற்றி மட்டக்களப்பிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் பாடுமீனைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ் வாசகர் அரியர். கல்லடிப் பாலத்தடியில், நிலவு நாட்களில், நீருள்ளிருந்து எழும் ஓசையைக் கேட்டவர் பலர். ஒலிப்பது இன்னதெனக் கண்ணாற் கண்டு சொன்னவர் இலர். ஆயினும் நகரின் சின்னங்களிலும் சுவரொட்டிகளிலும் சிலைகளிலும் பாதி பெண்ணும் பாதி மீனுமான உருவமொன்று நம்மை எதிர்கொள்கின்றது. அதன் சாயல் பெரும்பாலும் ஐரோப்பியச் சித்திரக் கதைகளின் கடற்கன்னிக்குரியது. காதாற் கேட்டதொன்றுக்குக் கண்ணுக்குரிய வடிவமொன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி, பின்னர் அதனையே நம் ஊரின் அடையாளம் எனக் கொண்டுவிட்டோம். இதிற் பெருந் தவறொன்றும் நேர்ந்துவிடவில்லை. ஆனால் அடையாளம் என்பது எவ்வாறு உருவாகின்றது என்பதற்கு இஃது ஓர் எளிய உதாரணம். இக்கட்டுரை ஆராயப் புகும் கலைஞரின் பணியனைத்தும் இத்தகைய இரவல் உருவங்களைப் பற்றியதே.

கிறிஸ்தோபர் குலேந்திரன் தோமஸ் 1979ஆம் ஆண்டு பிறந்தவர். இனவொடுக்குமுறை தீவிரமடைந்த காலத்தில் இலங்கையை நீங்கிய தமிழ்க் குடும்பமொன்றின் வழிவந்து, இலண்டனில் வளர்ந்தவர். இலண்டனிலும் பெர்லினிலுமாக இயங்கிவருபவர். அனிக்கா கூல்மான் என்னும் ஜெர்மானியருடன் இணைந்து இவர் ஆக்கிய நிகழ்படங்களும் நிறுவற் படைப்புகளும் ஐரோப்பியக் கலை மண்டபங்களில் மிகுந்த கவனம் பெற்றுள்ளன. இனம், அடையாளம், வெகுசனத் தொடர்புசாதனங்கள் உற்பத்தி செய்யும் பிம்பங்கள் ஆகிய மூன்றும் இவரது படைப்புகளில் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. ‘ஈழம்’ என்னும் சொல்லை உலகக் கலைச் சந்தையின் நடுவே கொண்டுபோய் வைத்த தமிழ்க் கலைஞர் இவரே எனின் அது மிகையாகாது. அங்ஙனமிருந்தும் இவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சில. எழுதப்பட்டவையும் பெருமிதமாகவோ கண்டனமாகவோ முடிந்துவிடுகின்றன.

கருத்துநிலைக் கலை என்பது யாது என்பதை ஈண்டு விரித்துரைக்க வேண்டியதில்லை. கைவினைத் திறனைக் காட்டிலும் கருத்தே படைப்பின் முதன்மைப் பொருள் எனக் கொள்ளும் போக்கு 1960களில் மேலைநாடுகளில் வலுப்பெற்றது. 1969இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் ஹரால்ட் ஸீமான் ஒழுங்கு செய்த காட்சி அதன் மைல்கற்களுள் ஒன்று. ‘மனப்பாங்குகள் வடிவமாகும்போது’ என்பது அதன் பெயரின் பொருள். குலேந்திரன் தோமஸ் அப்பெயரை ஒரு சொல் திரித்துத் தமது முதற்பெரும் படைப்புத் தொடருக்குச் சூட்டினார்: ‘தேய்வழக்குகள் வடிவமாகும்போது’. திரிப்பிலேயே அவரது நையாண்டி தெரிகின்றது.

2009ஆம் ஆண்டின் பின்னர் கொழும்பிலே புதிய ஓவியக்கூடங்கள் தோன்றின. கலைப்பொருட் சந்தை விரிந்தது. போர் முடிந்ததும் ‘சமாதானத்தின் பொருளாதாரம்’ தொடங்கிவிட்டதென்பதற்கு அவை ஒரு பளபளப்பான சான்று. குலேந்திரன் தோமஸ் அக்கூடங்களிற் சமகால இலங்கைக் கலைஞர்களின் படைப்புகளை விலைகொடுத்து வாங்கினார். வாங்கியவற்றை விளையாட்டு உடைகள் முதலிய உலகளாவிய நுகர்பண்டங்களோடு சேர்த்து மறுவமைப்புச் செய்து, தமது படைப்பாக மேலைநாட்டு மண்டபங்களில் வைத்தார். மூலக் கலைஞரின் பெயர் படைப்பின் பொருள்விவரத்துள் இடம்பெறும்: கித்தான், உலோகம், துணி என்பவற்றோடு ஒன்றாக.

இலங்கையின் பொருளாதார வரலாறு அறிந்த எவருக்கும் இச்செயல் புதிதன்று. கறுவா, கோப்பி, தேயிலை, தும்பு என இத்தீவு மூலப்பொருளை அனுப்பியது. பெறுமதி வேறிடத்திற் கூடிற்று. அதே உறவைக் கலைஞர் தம் கையாலேயே மீள நிகழ்த்திக் காட்டுகின்றார். இது சுரண்டலா, சுரண்டலின் அம்பலப்படுத்தலா என்னும் வினா எழுவது இயல்பு. இரண்டுமே என்பதே என் துணிபு. அவர் அதனை மறைக்கவில்லை என்பது உண்மை. மறைக்காமையால் மட்டும் ஒரு செயலின் தன்மை மாறிவிடுவதில்லை என்பதும் உண்மையே. எனினும் இத்தொடர் ஒரு காரியத்தை நேர்மையாகச் செய்தது. இலங்கைக் கலைஞனின் ‘இலங்கைத்தன்மை’ கூட வெளிநாட்டு வாங்குவோனின் எதிர்பார்ப்புக்கேற்ப உருவாவதுண்டு என்பதை அது கண்முன் நிறுத்திற்று.

2016இல் பெர்லின் ஈராண்டுக் கலைவிழாவில் வைக்கப்பட்ட ‘நியூ ஈழம்’ இதனிலும் துணிகரமானது. அது ஓவியமுமன்று, சிற்பமுமன்று, கம்பனியொன்றின் காட்சியறை. மாதச் சந்தா செலுத்துவோர் உலகின் எந்நகரிலும் வீடொன்றிற் குடியிருக்கலாம், சொந்த வீடு வேண்டியதில்லை, குடியுரிமை நிலத்தோடு பிணைக்கப்பட வேண்டியதில்லை என்னும் திட்டமொன்று அங்கே விளம்பரப் படத்தின் மொழியில் முன்வைக்கப்பட்டது. தோல்வியுற்ற ஈழ அரசின் கூட்டுறவுப் பொருளாதாரக் கனவு, நிலமற்ற, எல்லையற்ற, மென்பொருளால் இயங்கும் புதிய தேசமாக மறுபிறப்பெடுக்கும் என்பது அதன் அடிக்கருத்து. விளம்பரத்தின் மொழியைக் கலைஞர் நையாண்டிக்காகப் பயன்படுத்துகின்றாரா, மெய்யாகவே நம்புகின்றாரா என்பது இறுதிவரை தெளிவாவதில்லை. அத்தெளிவின்மையை ஐரோப்பிய விமர்சகர் சிலர் படைப்பின் வெற்றியெனக் கொண்டாடினர். நான் அதனை அதன் குறையெனவே கருதுகின்றேன்.

காரணம் சொல்ல வேண்டும். மட்டக்களப்பைப் பொறுத்தவரை நிலம் என்பது உருவகமன்று. வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. மீன்பாடும் மக்களும் நெசவாளரும் வணிகரும் அரச ஊழியரும் நெருங்கி வாழும் மணற்பாங்கான ஒரு கரை. நெல்வயலும் மேய்ச்சற்றரையும் காடுமான மறு கரை. எழுவான்கரை நெடுகத் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்துள்ளன. ‘பிட்டும் தேங்காய்ப்பூவும் போல’ என்று இரு சமூகத்தவரும் தம் உறவைச் சொல்வர். தாய்வழிக் குடிமுறை இரு சாராருக்கும் பொதுவாக இருந்தமையை மானிடவியலாளர் விரிவாக எழுதியுள்ளனர். அப்பிட்டுக்குழல் 1990இல் எவ்வாறு உடைந்தது என்பதையும் நாம் அறிவோம். அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குழந்தைகளும் பெண்களும் முதியோருமாகப் பலர் கொல்லப்பட்டனர். முன்னையது ஈழத்தின் பெயரால் நடந்தது. பின்னையது அரசின் பெயரால். ஈழம் என்னும் சொல் இவ்வூரிற் சொல்லப்படும்போது, கேட்பவர் எக்கரையில், எவ்வூரில் நிற்கின்றார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் வேறுபடும்.

‘நியூ ஈழம்’ என்னும் படைப்பின் புவியியலோ இலண்டன், பெர்லின், கொழும்பு, வன்னி என்பவற்றுள் அடங்குகின்றது. நிலம் நீக்கப்பட்டதும் நிலத்தோடு வந்த முரண்பாடுகளும் நீங்கிவிடுகின்றன. எல்லையற்ற தேசத்தில் அயலவன் இல்லை. அயலவன் இல்லையாயின் அவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கும் இல்லை. ஆகவே அது தூய்மையான தேசமாகத் தோற்றுகின்றது. அடையாளத்தை ஐயுற்று நோக்கும் கலைஞர் ஒருவர், ‘ஈழத் தமிழர்’ என்னும் அடையாளத்தின் உட்பிரிவுகளை மட்டும் ஐயுறாது விட்டமை வியப்பிற்குரியது. போர் இங்கே 2009இல் முடியவில்லை. 2004இற் பிளவுண்டு, 2007இல் வேறொரு விதமாக முடிந்தது. வாகரையின் இடப்பெயர்வு முள்ளிவாய்க்காலின் படிமங்களுக்குள் அடங்குவதன்று.

இனி, இவரது படைப்புகளுள் மிகச் சிறந்ததென நான் கருதும் ‘மனிதராயிருத்தல்’ என்னும் நிகழ்படத்துக்கு வரலாம். 2019இல் வெளிவந்த இப்படத்தில், இலங்கைக்கு மீளும் இளந் தமிழ்க் கலைஞர் ஒருவரின் பயணம் ஆவணப்படத்தின் பாணியிற் சொல்லப்படுகின்றது. மனித உரிமை என்னும் கருத்து, சமகாலக் கலை என்னும் நிறுவனம், இரண்டுமே மேற்குலகின் ஏற்றுமதிகள் எவ்வாறாகின்றன என்பது விவாதிக்கப்படுகின்றது. இடையிடையே உலகப் புகழ் பெற்ற பாடகி ரெயிலர் ஸ்விஃப்ற்றும் கொலம்பிய ஓவியர் ஒஸ்கார் முறியோவும் தோன்றி, நம்பகத்தன்மை பற்றியும் நடிப்புப் பற்றியும் சிந்தனை வயப்பட்டுப் பேசுகின்றனர். அவர்கள் மெய்யானவர்களல்லர். கணினியின் செயற்கை நுண்ணறிவாற் புனையப்பட்ட, இன்று ‘டீப்ஃபேக்’ எனப்படும் போலி உருக்கள். பாடகியின் முகம் பாடகியினுடையது, பேச்சு அவளுடையதன்று.

வந்தாறுமூலையில் இதன் சில பகுதிகளை மாணவர் சிலருடன் பார்த்தவேளை, வேறு அலுவலாக வந்திருந்த முதிய அண்ணாவியார் ஒருவரும் உடனிருந்தார். பாடகி திரையில் தோன்றியதும், ‘இந்தப் பிள்ளை ஆரு, தம்பி?’ என்றார். சொன்னோம். அது அவளல்ல, இயந்திரத்தால் அவளைப் போலச் செய்தது என்றும் சொன்னோம். அவர் சற்று யோசித்துவிட்டு, ‘அப்ப வேசம் சரி. ஆடுறவன் ஆரு?’ என்று கேட்டார். மாணவர் சிரித்தனர். ஆனால் அவ்வினாவிலும் கூரியதான வினாவொன்றை இப்படைப்பைப் பற்றி நான் எங்கும் வாசித்திலேன்.

முதலாவது வினாவே ஓர் உண்மையை உணர்த்துகின்றது. போலி உருவின் வலிமை, மூல உருவைப் பார்வையாளர் முன்னரே அறிந்திருப்பதில் தங்கியுள்ளது. அமெரிக்கப் பாடகியின் முகம் உலகப் பொதுமுகம் என்பது கலைஞரின் எடுகோள். படுவான்கரையின் பொதுமுகங்கள் வேறு. அங்கே எம்.ஜி.ஆரின் முகம் வந்திருந்தால் அண்ணாவியார் ‘ஆரு’ எனக் கேட்டிருக்கமாட்டார். கண்டியையடுத்த நாவலப்பிட்டியில் 1917இல் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்த ஒருவர், வெள்ளித்திரை வாயிலாகத் தமிழினத்தின் வீர முகமாக ஆனார் என்பதைச் சிந்திப்போமாயின், இனமும் பிம்பமும் இரவல் முகமும் பற்றிய ஆராய்ச்சிக்கு நமக்கு இலண்டனும் கலிபோர்னியாவும் தேவையில்லை. 1970களில் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து எழுத்து தன் முகத்தைத் தேடிக்கொண்டதென நாம் பெருமையுடன் எழுதினோம். அதே வேளை கொட்டகைகளில் தென்னிந்தியப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தமிழ் வெகுசனப் பண்பாட்டின் பிம்பங்களைக் குலேந்திரன் தோமஸ் தம் பணியின் மையத்திற் கொள்ளாமை ஓர் இழப்பு. மேற்குலகக் கூடத்தின் பார்வையாளரையே அவர் தம் முதல் வாசகராகக் கொண்டார் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவது வினா இதனினும் ஆழமானது. மட்டக்களப்புக் கூத்தரங்கில் வேடம் என்பது ஏமாற்றன்று. பாத்திரம் களரிக்கு வரும்பொழுது வெள்ளைத் துணியாற் திரை பிடித்து அழைத்து வருவர். திரை விலகும், கிரீடமும் கரப்புடுப்புமாக அரசன் தோன்றுவான், வரவுத் தாளத்துக்கு ஆடித் தன்னைத் தானே யாரெனக் கூறுவான். சுற்றியிருக்கும் ஊரவரோ அவன் இன்னாருடைய மகன், நேற்று வயலில் என்னோடு நின்றவன் என்பதையும் அறிவர். அரசன் என்பதும் அயலவன் என்பதும் ஒருசேர நினைவில் நிற்க, விடிய விடிய ஆட்டம் நடக்கும். ஒருவன் பிழையாக ஆடினால் அரசனைப் பழிப்பதில்லை, ஆடியவனையே பழிப்பர். வேடத்துக்குப் பொறுப்பாளி ஒருவன் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனையிலே ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது வட்டக் களரி படச்சட்ட மேடையாயிற்று, நேரம் சுருங்கிற்று, ஆயினும் இவ்வொப்பந்தம் மாறவில்லை. இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு என்பதைப் பார்த்தோர் அனைவரும் அறிந்திருந்தனர்.

‘மனிதராயிருத்தல்’ இவ்வொப்பந்தத்தை ஏறத்தாழக் காக்கின்றது. அதனாலேயே அதனைச் சிறந்ததெனக் கூறினேன். பாடகியின் முகத்தில் ஒரு வழுவழுப்பு, உதட்டசைவில் ஒரு சிறு தளர்ச்சி உண்டு. பார்வையாளர் போலியைப் போலியென உணர்ந்தவாறே அதன் பேச்சைக் கேட்கின்றார். படம் திரையிடப்படும் சுவரும் இடையிடையே ஒளி ஊடுருவும் தன்மை பெற்று, பின்னால் வைக்கப்பட்ட இலங்கைக் கலைஞர்களின் படைப்புகளைக் காட்டுகின்றது. திரை விலகுகின்றது. எது பொய், எது மெய் என்பதன்று அங்கே வினா; தன்னியல்பு என நாம் மதிப்பதே கற்றுக்கொண்ட நடிப்புத்தானோ என்பதே வினா. புலம்பெயர்ந்த தமிழிளைஞன் ஒருவன் ‘நான் யார்’ எனத் தேடும்போது அவனுக்குக் கிடைப்பவை முன்னரே பிறர் செய்துவைத்த பாத்திரங்களே என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய கலைப்படைப்பு வேறில்லை.

2022இல் இலண்டனிலும் பெர்லினிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ‘மற்றொரு உலகம்’ என்னும் காட்சியில் வைக்கப்பட்ட ‘த ஃபினெஸ்’ பற்றி இவ்வாறு கூற முடியவில்லை. அதில் 1990களின் ஈழம் பற்றிய ஆவணக் காட்சிகளும் புதிதாக எடுக்கப்பட்டவையும் கணினியாற் புனையப்பட்டவையும் தையல் தெரியாமல் இணைக்கப்பட்டுள்ளன. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் கிம் கர்தாசியனின் போலி உரு தோன்றிப் பேசுகின்றது. ஆர்மீனிய வழிவந்தவர் என்பதால் அவ்வுரு தெரிவு செய்யப்பட்டமைக்கு ஒரு பொருத்தம் உண்டு: இனப்படுகொலையின் நினைவைச் சுமந்த புலம்பெயர் சமூகம் ஒன்றின் வழித்தோன்றல், உலகின் மிகப் பெரிய வெகுசனப் பிம்பமாகவும் ஆகியிருக்கின்றார். சிந்தனை வலியது. செய்முறையிற் சிக்கல் இருக்கின்றது. கர்தாசியனின் முகம் பொய்யெனத் தெரியும். அதனருகே வரும் ஈழத்துக் காட்சி பொய்யா மெய்யா எனத் தெரியாது. வெளிநாட்டுப் பார்வையாளருக்கு ஈழம் முழுவதுமே புனைவாக இருக்கக்கூடும் என்னும் மயக்கத்தைக் கலைஞர் வேண்டுமென்றே உண்டாக்குகின்றார்.

இம்மயக்கம் நமக்கு விளையாட்டன்று. முகமும் பெயரும் மாறிப்போதல் என்பதன் விலை இவ்வூரில் எப்பொழுதும் மனித உயிராகவே இருந்து வந்துள்ளது. சுற்றிவளைப்புகளிற் சாக்கினால் முகம் மூடப்பட்டு நிறுத்தப்பட்ட ‘தலையாட்டி’யை நாற்பது வயது கடந்த எவரும் மறந்திரார். அவனுக்கு முகமில்லை. அவனது தலையசைப்பு வரிசையில் நின்ற இளைஞனின் அடையாளத்தைத் தீர்மானித்தது. அகதிமுகாமாக இருந்த நமது வந்தாறுமூலை வளாகத்திலிருந்து 1990 செப்ரெம்பர் 5ஆம் நாள் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் மீளவில்லை. அண்மைக் கால உதாரணமும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் பின்னர், தேடப்படுவோரெனப் பொலிசார் வெளியிட்ட ஒளிப்படங்களுள் ஒன்று அமெரிக்காவில் வாழும் முஸ்லிம் மாணவி ஒருவருடையது. அவருக்கும் நிகழ்வுக்கும் எவ்விதத் தொடர்புமில்லை. பின்னர் பொலிசார் தவற்றை ஒப்புக்கொண்டனர். முக்காடிட்ட ஒரு முகம் மற்றெந்த முக்காடிட்ட முகத்துக்கும் பதிலாகலாம் என்னும் எண்ணம், எந்திரம் எதுவும் இன்றியே, மனித மனத்தில் இயங்கிவருகின்றது. இனவாதம் என்பதே மிகப் பழைய போலி உருவாக்கம் எனலாம்.

ஐக்கிய அமெரிக்கக் கலைஞர் எட்றியன் பைப்பர் இதனை நன்கறிந்தவர். கறுப்பினத்தவராயினும் வெளிறிய நிறமுடையவர். ஹாவர்டில் மெய்யியற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1973 முதல் சில ஆண்டுகள், சுருள்மயிர்த் தொப்பியும் மீசையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த ஆண் வேடத்திற் தம் படத்தை நியூயோர்க் வாரப்பத்திரிகையொன்றின் விளம்பரப் பகுதியில் வெளியிட்டார். 1986 முதல், ‘நியூயோர்க் ரைம்ஸ்’ நாளிதழின் பக்கங்கள் மீதே கரித்துண்டாற் கறுப்பு உருவங்களை வரைந்தார். நாகரிக விளம்பரங்களின் வெண்ணிற மாந்தரைச் சுற்றி, அவர்தம் அச்சத்தில் உறையும் கறுப்பு மாந்தர் எழுகின்றனர். இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், அச்சிட்ட பக்கமும் கரிக்கோடும் வேறுவேறாகத் தெரிகின்றன. பத்திரிகை எது, அதன் மேல் இட்டது எது என்பதிற் குழப்பமில்லை. குழப்பமின்மையால் அதிர்ச்சி குறையவில்லை, கூடுகின்றது. ஆடுபவர் யார் என்பதும் ஐயமில்லை: பைப்பரே ஆடுகின்றார், தம் உடலை ஈடுவைத்து ஆடுகின்றார்.

குலேந்திரன் தோமஸின் சார்பிற் சொல்லக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். 2009இல் அரசு தன் நடவடிக்கையை மனிதாபிமான மீட்பு எனத் தொலைக்காட்சியிற் காட்டிற்று. மக்கள் குவிந்த இடங்களே ‘பாதுகாப்பு வலயம்’ எனப் பெயரிடப்பட்டன. 2011இற் பிரித்தானியச் ‘சனல் 4’ கைத்தொலைபேசிக் காட்சிகளை ஒளிபரப்பியபோது, அவை போலியானவை என்பதே அரசின் முதல் மறுமொழி. ஆகவே, மெய் என்பது வலியவரால் தயாரிக்கப்படுவது என்னும் இக்கலைஞரின் வாதம் காற்றில் எழுந்ததன்று. தம் மக்களின் அழிவை உலகம் எவ்வாறு பார்க்க மறுத்தது என்பதிலிருந்து எழுந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அழுதவாறிருந்த புலம்பெயர் குடும்பங்களின் பிள்ளையவர். படிமங்களின் மீது அவருக்குள்ள ஐயம் எனக்கு விளங்குகின்றது. ஓரளவு மதிப்பும் உண்டு.

ஆயினும் ‘போலி’ என்னும் அதே சொல்லே அரசின் கருவியாகவும் இருந்தது என்பதுதான் இடர்ப்பாடு. 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரங்களில் அமர்ந்த தாய்மார் கையிற் பிடித்திருப்பது ஒளிப்படம். பெரும்பாலும் அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டுப் பின் பெருப்பிக்கப்பட்டது, மங்கியது, நீர் பட்டது. அப்படம் மெய் என்பது ஒன்றே அவர்களிடம் எஞ்சிய சான்று. எல்லாப் படிமமும் புனைவே எனக் கூறும் கலை, அத்தாயின் கையிலுள்ளதையும் அக்கூற்றினுள் அடக்குகின்றதா? அடக்கவில்லையெனின் வேறுபாட்டை எங்கே காட்டுகின்றது? ‘த ஃபினெஸ்’ இவ்வினாவுக்கு விடை தருவதில்லை. மட்டக்களப்பில் வாழ்ந்து பணியாற்றிவரும் ஓவியர் கமலா வாசுகி போன்றோர் பெண்களுடன் அமர்ந்து அவர்தம் துயரையும் உறுதியையும் வரைந்தது உலகக் கலைச் சந்தையிற் பேசப்படாதிருக்கலாம். அங்கே வரைபவர் யார், வரையப்படுபவர் யார் என்பது தெரியும்.

இழந்ததொன்றைக் கற்பனையால் மீட்பது தவறென நான் கூறவில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், கண்ணால் எவரும் கண்டிராத பழந்தமிழ் யாழைச் சிலப்பதிகார வரிகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீள எழுப்ப முயன்றார். 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ அம்முயற்சியின் விளைவு. அவர் முடிபுகளுட் சிலவற்றைப் பின்வந்தோர் மறுத்துள்ளனர். மறுக்க முடிந்தமைக்குக் காரணம், எவ்வடியிலிருந்து எக்கணக்கால் இம்முடிபுக்கு வந்தேன் என்பதை அவர் ஒளிக்காமல் எழுதி வைத்தமையே. எண்ணிப் பார்த்தால் அதுவும் ஒருவகைத் திரை விலக்கலே.

அண்மைக் காலப் படைப்புகளில் இக்கலைஞர் வேறொரு வழியைத் தேடுவதாகத் தோன்றுகின்றது. பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் 2024இல் நடந்த காட்சிக்கு அவர் இட்ட பெயர் ‘பாதுகாப்பு வலயம்’. நம்மவருக்கு அப்பெயரே போதும். அங்கே வைக்கப்பட்ட ஓவியங்கள் முள்ளிவாய்க்காற் கடற்கரையைக் காட்டுவன. காலனித்துவக் காலந்தொட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்த மேலை ஓவிய மரபையும், 1943இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழுவினர்’ வழிவந்த நவீனத்துவத்தையும் கற்பிக்கப்பட்ட கணினி, முதலில் உருவமைப்பைத் தருகின்றது. பின்னர் மனிதக் கை அதனைக் கித்தானில் தீட்டுகின்றது. கொழும்பின் மேட்டுக்குடி நவீனத்துவம் ஒருபோதும் வரையாத கடற்கரையை, அந்நவீனத்துவத்தின் நிறங்களையும் கோடுகளையும் கொண்டே வரைவித்தல் ஆழ்ந்த கருத்துடையது. ஜோர்ஜ் கீற்றினதும் ஐவன் பீரிஸினதும் மரபுக்கு 2009இன் கரையைக் காணுமாறு கட்டளையிடுவது போன்றது அது.

நான் அவற்றைப் பிரசுரப் படங்களிலேயே கண்டேன். கித்தானின் அளவும் வண்ணத்தின் தடிப்பும் நேரிற் கண்டார்க்கே தெரியும். ஆயினும் படங்களிலுங்கூட ஒன்று தெளிவாகத் தெரிகின்றது. மணலிலும் நீரோரத்திலும் மனிதர் குவிந்துள்ளனர், கிடக்கின்றனர், தூக்கிச் செல்கின்றனர். எவர்க்கும் முகம் தெளிவாக இல்லை. வண்ணத்தில் கரைந்துள்ளது. பாடகியினதும் தொலைக்காட்சிப் பிரபலத்தினதும் முகத்தை மயிர்க்கால் வரை செய்து காட்டிய தொழில்நுட்பம், இங்கே வந்ததும் முகத்தை விட்டுவிடுகின்றது. அது கலைஞரின் தயக்கமாகவும் இருக்கலாம், மரியாதையாகவும் இருக்கலாம். கணினிக்குக் கற்பிக்கப்பட்ட ஓவியங்களில் இம்மக்களின் முகங்கள் இல்லாமையாகவும் இருக்கலாம். பிரசெல்ஸில் அவற்றின் முன் நின்றவர் வண்ணத்தையும் வரலாற்றையும் பற்றிப் பேசியிருப்பர். அவை ஒருநாள் முல்லைத்தீவிலோ, வாவிக்கரையிலுள்ள ஒரு பாடசாலை மண்டபத்திலோ வைக்கப்படுமாயின், உள்ளே வரும் முதலாவது கிழவி கித்தானுக்கு மிக அருகே குனிந்து, ஒவ்வோர் உருவாக, ‘இது ஆரு?’ என்று கேட்டுக்கொண்டு போவாள்.